இருப்பு எடுத்தல்

ஆலை மூடி நூற்றுப்பத்தாவது நாள்.
கல்லுக்கட்டிக்குப் பின்னால் ஜெராக்ஸ் கடையில்
அறுபத்தோராவது பயோடேட்டா.
பச்சை வெளிச்சம்
என் பெயரின் மேல் போய்த் திரும்புகிறது:
அடைக்கலமேரி, வயது நாற்பத்தொன்று,
பி.காம்., நேர்மையானவர், கடும் உழைப்பாளி.

"எல்லாரும் உழைப்பாளின்னுதாங்கா போடுறாங்க"
என்றான் கடைப்பையன், தாளைத் தட்டி அடுக்கியபடி.
கேலியில்லை.
நாளுக்கு முந்நூறு உழைப்பாளிகளை
நகலெடுக்கிறவன் அவன்.

அன்றிரவு
லோடு இறக்கி வந்த அருளானந்து தூங்கிய பிறகு
மகளின் பழைய நோட்டில்
காலிப் பக்கம் பார்த்துக் கோடு போட்டேன்.
பதினேழு வருஷம்
பேரிங்கும் பெல்ட்டும் ஸ்பிண்டில் எண்ணெயும்
எண்ணிய கை.
என்னை எண்ணியதில்லை.

இருப்பு என்று எழுதினேன்.
நாலாயிரத்து இருநூறு உருப்படி;
எது எந்த அலமாரியில் என்று கண்ணை மூடிச் சொல்வேன்.
நடு ராத்திரி மோட்டார் எரிந்தபோது
மாற்று மோட்டார் கிடக்கும் மூலையைப்
படுக்கையிலிருந்தே போனில் சொன்னேன்;
இருபது நிமிஷத்தில் நூல் ஓடியது.
ஆடிட்டில் வித்தியாசம் பூஜ்யம்.
ஒரு வருஷம் மட்டும் இரண்டு போல்ட்.
அதையும் மறைக்காமல் எழுதினேன்.

குறைவு:
ஈ-வே பில் தெரியாது.
இங்கிலீஷில் கேட்டால் கழுத்து வேர்க்கிறது.
'ஏன் வேலையை விட்டீர்கள்' என்றால்
தொண்டை அடைக்கிறது.
நான் எங்கே விட்டேன்?

மறுநாள் வேண்டாம் என்றவர்களுக்கே போன் போட்டேன்.
எதற்காக வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள், போதும்.
பாதிப் பேர் எடுக்கவில்லை.
ஒருவர் "யாரும்மா நீ?" என்றார்.
புதுவயல் அரிசி ஆலைக்காரர் மட்டும்
வாயில் வெற்றிலையோடு நிஜத்தைச் சொன்னார்:
"ஈ-வே பில் போடுறவுக வேணும் தாயி."
உரக்கடையில் சேர்ந்துவிட்ட எங்கள் பில்லிங் பேச்சி
மத்தியானம் கடை ஓய்ந்த நேரத்தில்
ஒன்பது நாள் காட்டித் தந்தாள்.
பத்தாம் நாள்
அவள் பில்லில் ஒரு பிழை பிடித்தேன்.
முறைத்தாள். டீ வாங்கித் தந்தாள்.

கானாடுகாத்தானில்
வீட்டை விடுதியாக்கிய இடத்தில் நேர்முகம்.
பட்டுச்சேலை கட்டி வாசலில் நின்று
வெள்ளைக்காரருக்குக் கும்பிடு போடும் வேலை.
மேனேஜர் என் முகத்தைப் பார்த்து
"வயசு கொஞ்சம்..." என்று இழுத்தார்.
எழுந்திருக்க வேண்டிய இடம் அது.
அறுபது தடவை எழுந்திருக்கிறேன்.
உட்கார்ந்தபடியே கேட்டேன்:
இங்கே எத்தனை துண்டு இருக்கு சார்?
"துண்டா?"
குளிக்கிற துண்டு. எத்தனை வெளுக்கப் போகுது,
எத்தனை திரும்புது?

அவர் தூணைப் பார்த்தார்.
தூண் நாற்பத்திரண்டு, பர்மாத் தேக்கு,
விருந்தாளிக்குச் சொல்ல மனப்பாடம்.
துண்டுக்குக் கணக்கில்லை.

பின்கட்டில், கிட்டங்கியாக்கிய அறையில்
ஒரு மணி நேரம் எண்ண விட்டார்.
வாங்கிய பில்லில் இருநூற்றுப் பன்னிரண்டு.
கையில் நூற்று அறுபத்து மூன்று.
போர்வைக்கு நான் இன்னும் போகவேயில்லை என்றேன்.

"சொல்றோம்மா" என்றார்.
கேட்டுக் கேட்டுத் தேய்ந்த சொல்தான்.
ஆனால் பயோடேட்டாவில் அச்சாகி இருந்த நம்பரை
மறுபடி கேட்டுத்
தன் கையால் மேசை டைரியில் எழுதினார்.

அதை நம்பிப் புதுவயலை விடுவதாயில்லை.
தீர்ந்த பிறகு ஆர்டர் போடுகிறவள்
ஸ்டோர் கீப்பர் இல்லை.
வெள்ளி, பத்து மணி, அரிசி ஆலை.
ஈ-வே பில் மாதிரி ஒன்று பையில்.
'ஏன் விட்டீர்கள்' என்பதற்குப் பதில்
பஸ்ஸில் முணுமுணுத்துப் பார்த்தேன்:
ஆலை மூடியது. சாவியைக் கடைசியாக ஒப்படைத்தது நான்.
ஜன்னலோரக்காரி திரும்பிப் பார்த்தாள்.
தொண்டை அடைக்கவில்லை,
கொஞ்சம் கரகரத்தது.

கண்டக்டர் தர வேண்டிய சில்லறை மூன்று ரூபாய்;
டிக்கெட்டின் முதுகில் எழுதித் தந்தான்.
நோட்டைத் திறந்து
வர வேண்டியதில் ஏற்றினேன்:
ஒரு போன்.
மூன்று ரூபாய்.